எட்டு நாள் லீவில் மஸ்கட்டிலிருந்து வந்து பெண்டாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த பயணம்

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம், மஸ்கட்டிலிருந்து பாண்டிச்சேரிக்கு எட்டு நாள் லீவில் போய் வந்தேன். பல்லு காட்டணும், பேரப்பிள்ளையைப் பார்க்கணும் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் ஒரே வேலைதான். என் பெண்டாட்டி அஞ்சலைக்கு என் கையால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். எட்டு நாளுக்குள் அது நடக்காவிட்டால் அடுத்த லீவு இரண்டு வருசம் கழித்துத்தான். எனக்கு அறுபத்து நாலு வயசு, அவளுக்கு அறுபத்தொண்ணு. "ரெண்டு வருசத்துல யார் இருக்கறோமோ, யார் கண்டது" என்று போனில் சொல்லிவிட்டாள். நான் மஸ்கட் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டே கேட்டேன், அன்றைக்கு உப்பு போட மறந்துவிட்டேன்.

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் ஒரு சின்ன சபையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்னைப்போல் சிலபேர் இருப்பீர்கள். வயசான காலத்தில் முதல்முறை விமானம் ஏறுகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். கண்ணால் பார்த்த நம்பரும் காதால் கேட்ட பேச்சும் மறக்காது. நான் போனில் பேசி அனுப்பியதை என் மகள் கலா எழுதிப் போட்டிருக்கிறாள்.

முதலில் சபையைப்பற்றி. நாங்கள் மார்மன் சபை. பாண்டிச்சேரியில் கோவில், மசூதி, பெரிய பெரிய மாதா கோவில் எல்லாம் தெரியும், எங்களை யாருக்கும் தெரியாது. சாராயம், புகையிலை கிடையாது, காபி டீயும் கிடையாது. சம்பளம் வாங்குகிற பாதிரியார் கிடையாது, எங்களில் ஒருத்தரே தலைவர். இப்போது சாலமன் தம்பி. ஏசி மெக்கானிக். சாரம் என்கிற இடத்தில் ஒரு வீட்டு மாடியில் கூடுகிறோம். நான் வெளிநாடு போகும்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பதினாலு பேர். ரொட்டியைப் பிட்டு ஜெபம் பண்ணுகிற பொறுப்பு எனக்கும் சாலமனுக்கும் இருந்தது. வீடு வீடாகப் போய் விசாரிக்கிறதும் நாங்கள்தான். நான் கிளம்பியபின் சாலமன் ஒண்டியாகிவிட்டார்.

அஞ்சலை பதினோரு வருசமாக என்கூட வந்து கடைசி நாற்காலியில் உட்காருவாள். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. காரணம் புகையிலை. வெற்றிலையோடு ஒரு கிள்ளு இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது. நான் மஸ்கட் போனபிறகு என்ன தோன்றியதோ, தானே விட்டாள். ஏழு மாசம் தொடவில்லை. சாலமன் என்னிடம், "அண்ணே, வீடுங்கள போய் பாக்கறதுக்கு அக்கா இருந்தா நல்லா இருக்கும். ஆனா முதல்ல அவங்க சபையில சேரணும்" என்றார். சாலமனே கொடுக்கலாம்தான். அஞ்சலை ஒரே பேச்சாக, "நீ முக்கினா முங்குவேன். வேற ஆம்பள கைபட்டு முங்கமாட்டேன்" என்றுவிட்டாள். அதனால்தான் இந்த லீவு.

மஸ்கட்டில் என் முதலாளி பாண்டிச்சேரி முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவருடைய அண்ணன் ரொட்டிக்கடையில்தான் நான் ஊரில் முப்பது வருசம் பிரெஞ்சு நீட்டு ரொட்டி போட்டேன். மஸ்கட் ஹோட்டல்களுக்கு அந்த ரொட்டி வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். விமான நிலையத்துக்கு அவரே காரில் கொண்டுவந்து விட்டார்.

"அண்ணே, சாராயம் வேணாங்கற, சரி, நானும் தொடமாட்டேன். டீ வேணாங்கற, அதையும் பொறுத்துக்கினேன். ஒம்பதாம் நாள் நீ வரலன்னா ஹோட்டல்காரன் மாவுக்குப் பதிலா என்னைத்தான் அடுப்புல தள்ளுவான், பாத்துக்கோ" என்றார்.

"வந்துடறேன் பாய். உன்னை வேகவெக்கறதுக்கு அடுப்பு பத்தாது" என்றேன். ஆள் கொஞ்சம் பருமன்.

காலை பத்து மணி விமானம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர் மணி ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் சென்னையில் மூணேகால் ஆகிவிட்டது. எழுத்து தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். போர்டிங் சீட்டில் கேட் நம்பரையும் சீட் நம்பரையும் விரலால் காட்டச் சொல்லுங்கள், ஒருதரம் காட்டினால் போதும். கேட் நம்பர் கடைசி நேரத்தில் மாறும், அதனால் உங்கள் விமானத்தில் வருகிற ஒரு குடும்பத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுந்தால் நீங்களும் எழுங்கள். நான் சிகப்புத் தொப்பி போட்ட ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டேன். அது கழிவறைக்குப் போனபோதும் எழுந்து நின்றுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

பாஸ்போர்ட்டில் எனக்குக் கைநாட்டுதான். பத்தாவது படிக்காதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்கவேண்டும். எனக்கு ஐம்பது வயசு தாண்டியதால் தேவைப்படவில்லை. உங்களுக்கு எப்படி என்று பாஸ்போர்ட் ஆபீசிலேயே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏஜெண்டிடம் மட்டும் கேட்காதீர்கள். இன்னொன்று, இது எங்கள் சபைக்காரர்களுக்கு: நீங்கள் இப்போது சேர்ந்திருக்கிற சபை வெளிநாட்டில் இருக்கிறது என்றால், ஊரில் வந்து ஞானஸ்நானம் கொடுக்க அங்கிருக்கும் தலைவரிடமிருந்து ஒரு தாள் வாங்கி வரவேண்டும். மஸ்கட்டில் நாங்கள் கொஞ்சம் பேர் வெள்ளிக்கிழமை கூடுகிறோம். அங்கே வாங்கிய தாளை பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அதிகாரியும் பாஸ்போர்ட்டைத் திறக்கும்போது அது விழாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். வண்டலூர் வரை மின்சார ரயில், பத்து ரூபாய். அங்கிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய் வாங்கினான், அறுபதே அதிகம். ஐந்து மணிக்குப் பாண்டி பஸ். திண்டிவனம் வழி, நூற்று நாற்பத்தைந்து ரூபாய். எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பாண்டிச்சேரி நிலையத்தில் இறங்கினேன். அன்றைக்கு வியாழக்கிழமை. சாரத்தில் வீட்டுக் கதவைத் திறந்த அஞ்சலை, "இளைச்சுட்ட" என்றாள். நான் இரண்டு கிலோ ஏறியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஊழியக்காரத் தம்பி ஒருத்தர் வந்து அவளிடம் தனியாகக் கேள்வி கேட்டார். அது எங்கள் வழக்கம். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "இன்னா கேட்டாரு?" என்றேன். "புகையில விட்டியான்னாரு. விட்டுட்டேன், ஆனா கனவுல மட்டும் போட்டுக்கறேன், அதுக்கும் கணக்கு உண்டான்னு கேட்டேன்" என்றாள். கனவுக்குக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் சபையில் தலையில் தெளிக்கிறது செல்லாது. முழு ஆளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போகவேண்டும். தலைமயிர், கால்விரல் எதுவும் வெளியே தெரியக்கூடாது. அவள் முழுப்பெயரைச் சொல்லி, ஜெபத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லவேண்டும். இரண்டு சாட்சிகள் நின்று பார்ப்பார்கள். பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. சாரத்து மாடியில் இதற்குத் தொட்டி கிடையாது. முன்னெல்லாம் சென்னைக்குப் போவோம், போகவர முந்நூறு கிலோமீட்டர். அஞ்சலைக்குக் காலாப்பட்டு தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி வந்துவிடும். சபையில் பாதிப்பேர் அவளைவிட வயசானவர்கள். அதனால் கடலிலேயே கொடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். இந்தப் பயணத்தில் நான் செய்த தப்பு அதுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு இரண்டு ஆட்டோவில் கனகசெட்டிக்குளம் கடற்கரைக்குப் போனோம். சாரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவுக்கு முந்நூற்று ஐம்பது. டவுன் கடற்கரையில் கருங்கல்லாகக் கொட்டியிருக்கும், கூட்டமும் ஜாஸ்தி, அதனால் அவ்வளவு தூரம். சாட்சிக்கு சாலமனும் லூர்து அக்காவும். லூர்து அக்கா பிரெஞ்சுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பு. இன்றைக்கும் பாதி வார்த்தை பிரெஞ்சில்தான் வரும். நானும் அஞ்சலையும் வெள்ளை உடுப்பு. அவளுக்கு சாலமன் வீட்டுக்காரி வெள்ளையில் ஒரு சுடிதார் தைத்திருந்தாள். "இந்த வயசுல சுடிதார் ஒண்ணுதான் கொறச்சல்" என்று மேலே கலர் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

படகுகளெல்லாம் கரையேறி வலை உதறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் இறங்குவதைப் பார்த்து மீன்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வலது கையை உயர்த்தினேன். முதல் தரம் பழக்கதோஷத்தில் "அஞ்சல" என்று சொல்லிவிட்டேன். ஆதாரில் அஞ்சலாட்சி.

"நோன்" என்றார் லூர்து அக்கா கரையிலிருந்து. பிரெஞ்சில் இல்லை, அதாவது செல்லாது.

இரண்டாம் தரம் பேர் சரி, ஜெபமும் சரி. சாய்த்துத் தண்ணீருக்குள் விட்டேன், அந்த நேரம் பார்த்து அலை வந்து அவள் இரண்டு காலையும் தூக்கி மேலே காட்டியது. கொலுசு போட்ட இரண்டு பாதம் அப்படியே மிதக்கிறது.

"நோன், நோன்."

வலை உதறிய ஒருத்தர் கத்தினார்: "பெருசு, இன்னா, அந்தம்மாவ முக்கிட்டு நீ மட்டும் ஊட்டுக்குப் போலாம்னு பாக்கறியா?"

இன்னொருத்தர், "அல ஒடையற எடத்துல நிக்கற. நாலு அடி உள்ள போ. ஆனா அங்க பள்ளம்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்லமுடியாது.

மூன்றாம் தரம் நான் ஜெபத்தைப் பாதி சொல்வதற்குள் பெரிய அலை ஒன்று இரண்டுபேரையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. என் கை நழுவிவிட்டது. ஐந்து எண்ணுகிற நேரம் இருக்கும், அவள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சாலமன் ஓடிவந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தார். கரையில் உட்கார்ந்து வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் உப்புத்தண்ணீரைக் கக்கினாள். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்கு வேணாம். ரெண்டு வருசம் கழிச்சு வா, இருந்தா பாத்துக்கலாம்" என்றாள். வீட்டில் இறங்கும்போது ஆட்டோக்காரன் சீட் நனைந்ததற்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டான், கொடுத்தேன்.

நான் சொல்கிறேன், கடல் வேண்டாம். தை மாசம் மட்டுமில்லை, எந்த மாசமும் வேண்டாம். நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம்.

ஞாயிறு கூட்டத்தில் அவள் வழக்கம்போல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டித் தட்டு வந்தபோது எடுக்காமல் பக்கத்தில் நகர்த்திவிட்டாள். எட்டு நாளில் நாலு போய்விட்டது. அன்று மத்தியானம் அவளே, "தண்ணி நெறய கெடக்குது. கேக்கறதுக்குத்தான் வாய் வரல" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அண்ணன் வேலாயுதம் நிலத்தில் பம்புசெட்டு தொட்டி இருக்கிறது. எட்டடி நீளம், ஆறடி அகலம், நாலடி ஆழம். ஆனால் ஆறு வருசமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆடித் திருவிழாவுக்கு இவள் பொங்கல் வைக்க வராததிலிருந்து.

திங்கட்கிழமை காலை போனோம். வில்லியனூர் வரை பஸ், அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். மச்சான் வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். அறுபத்தெட்டு வயசு, முதுகு கம்பி மாதிரி இருக்கும். அஞ்சலை கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எப்ப வந்த?" என்றார்.

"வியாழக்கெழம."

"அஞ்சு நாளா ஊர்ல இருக்கற. தண்ணி வேணும்னதும்தான் மச்சான் ஞாபகம் வந்துச்சு." பிறகு அவளைப் பார்க்காமலே, "ஏன், அவளுக்கு வாயி இல்லியா? கேக்கச் சொல்லு" என்றார்.

"அண்ணா, தொட்டி வேணும்" என்றாள் அஞ்சலை.

"எதுக்கு?"

"முங்கறதுக்கு."

"ஏன், ஊட்ல பாத்ரூம் இடிஞ்சுபோச்சா?"

களை எடுத்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரி ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டது. அதற்குப்பிறகு அவரால் கோபமாக நிற்கமுடியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "புதன்கெழம வாங்க. இந்த வாரம் மூணு பேஸ் கரண்டு ஒம்பது மணிக்குத்தான் வரும். தொட்டி ரொம்ப முக்கா மணி நேரம் ஆவும். முன்னாடியே வந்து என் உசுர வாங்காதீங்க" என்றார்.

கிராமத்தில் மோட்டார்த் தண்ணீரை நம்பி எதையாவது வைத்துக்கொள்கிறவர்கள் கரண்டு நேரத்தைக் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். எங்கள் சாலமன் எட்டு மணி என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார், திரும்ப ஒவ்வொருத்தராக போன் பண்ணி மாற்றினார்.

புதன்கிழமை மேஜிக் என்கிற குட்டி வேன் ஒன்று பிடித்தோம், போகவர தொள்ளாயிரம் ரூபாய், பதினொரு பேர். உழவர்கரை தாண்டும்போது டிரைவர், "பாட்டில் ஏதும் வாங்கணும்னா இங்கியே நிறுத்தறேன், அந்தாண்ட நல்ல கடை இல்ல" என்று அன்பாகச் சொன்னார். யாரும் குடிக்கிறதில்லை என்றேன். கண்ணாடியில் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். "பாண்டில பொறந்து தண்ணி போடாதவங்க பதினொரு பேர ஒரே வண்டில ஏத்தினது இன்னிக்குத்தான்" என்றார்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தொட்டி முக்கால்வாசி ரொம்பியிருந்தது, குழாயிலிருந்து தண்ணீர் ஆள் தொடை கனத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் மேல்புடவையை அவிழ்த்துவிட்டு வெள்ளைச் சுடிதாரில் வந்தாள். மச்சான் பார்த்தார். கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

அந்தச் சத்தம் நின்றதும் எல்லாரும் திரும்பினோம்.

"நாளன்னிக்கி ப்ளேன் ஏறப்போறவன் இவன். இவன் கண்ணு முன்னாலயே வெள்ளய கட்டிக்கினு நிக்கற. புருசன் உசுரோட இருக்கறப்ப இது இன்னா கோலம்? எங்கப்பன் நெலத்துல இது நடக்காது" என்றார்.

சாலமன், "ஐயா, வெள்ளைன்னா சுத்தம்னு அர்த்தம்..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நீ சும்மா இரு. உனக்குக் கூடப்பொறந்தவ இருக்கறாளா?"

சாலமனுக்கு இல்லை.

உண்மையைச் சொன்னால், கடலில் அவள் என் கையிலிருந்து நழுவிய அந்த ஐந்து எண்ணிக்கையில் எனக்கும் அந்த வெள்ளை உறுத்தியது. பதினேழு வருசம் சபையில் இருந்தாலும் சில பயம் போகாது. மச்சான் பேசியது மூடத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சிக்காகப் பயப்படுகிறார், எனக்காகவும்தான். வேறு இடம் பார்க்க நாளும் இல்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு என் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அஞ்சலைதான் அண்ணன் முன்னால் போய் நின்றாள். கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கயிற்றை வெளியே இழுத்து வெள்ளைத்துணிமேல் போட்டாள்.

"உனக்கு வெள்ளதான் தெரியுதா? இது தெரியலயா? நீதான பக்கத்துல நின்ன, இவரு இதக் கட்டறப்ப. இவரும் வெள்ள வேட்டிதான கட்டியிருந்தாரு, அன்னிக்கு மோட்டார நிறுத்தினியா?"

மச்சான் வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் ராஜம் வீட்டுக்குப் போய்க் குங்குமச்சிமிழோடு வந்துவிட்டது. அஞ்சலை நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு, தாலியில் ஒரு பொட்டு. நான் சாலமனைப் பார்த்தேன். அவர், "பொட்டு வெக்கக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் நான் கேள்விப்படல அண்ணே" என்றார். மச்சான் கொட்டகைக்குள் போய் மோட்டாரைத் திரும்பப் போட்டார். குழாய் இரண்டுதரம் இருமிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது.

பத்தே காலுக்கு இறங்கினோம். வயிறு மட்டும் தண்ணீர், நல்ல குளிர்ச்சி, உப்பு இல்லை, அலை இல்லை. வலது கையை உயர்த்தி, அஞ்சலாட்சி என்று முழுப்பேரும் சொல்லி, ஜெபத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. சாய்த்தேன். குங்குமம் சிவப்பாகத் தண்ணீரில் விரிந்தது. தூக்கினேன். லூர்து அக்காவும் சாலமனும் தலைமாட்டில் நின்றார்கள், குழாய் கொட்டுகிற நுரையில் கால் பக்கம் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

"இருங்க, இருங்க" என்று குழாய் பக்கத்திலிருந்து மச்சான் குரல். "பெருவெரல் தெரிஞ்சுது."

பாட்டு நின்றுவிட்டது.

அவர் சபைக்காரர் இல்லை. அவர் சாட்சி எங்கள் முறைப்படி சாட்சியே இல்லை. சாட்சிகள் இரண்டுபேரும் தலையாட்டியாகிவிட்டது. நாங்கள் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆளுக்குப் பொய் சொல்லக் காரணம் ஒன்றுமில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நாங்கள் சீக்கிரம் கிளம்பியிருப்போம், அவர் மோட்டார்த் தண்ணீரை நெல்லுக்குத் திருப்பியிருப்பார். நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் காலு?" என்று கேட்டாள்.

"வலது. செய்யறதுன்னா முழுசா செய்யணும் மச்சான். இவ்ளோ தண்ணி கொட்டறேன், ஒரு வெரலுக்குப் பஞ்சமா?" தொட்டிச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து அவளிடம், "முட்டிய மடக்குடி. வெறப்பா நின்னா கால் மேலதான் வரும்" என்றார்.

மறுபடியும் கை உயர்த்தினேன், மறுபடியும் முழுப்பேர், மறுபடியும் ஜெபம். இந்தத்தரம் முட்டியை மடக்கினாள். கல்லுபோல உள்ளே போனாள். மச்சான் மூக்கு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். லூர்து அக்காவும் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ம். இப்ப ஒண்ணும் தெரியல" என்றார் மச்சான்.

"பொன்" என்றார் லூர்து அக்கா. பிரெஞ்சில் சரி என்று அர்த்தம்.

தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தேன், தண்ணீர் கழுத்து வரை வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, முகமெல்லாம் ஏற்கனவே நனைந்திருந்ததால் யாரும் கேட்கவுமில்லை. அஞ்சலை, "எழுந்திரு, நீ திரும்ப முங்க வேணாம்" என்றாள்.

ராஜம் எல்லாரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பியது. தை மாசத்து மொச்சைக்கொட்டைக் குழம்பும் கருவாடும். முடிந்ததும் காபி கொண்டுவந்தது. வேண்டாம் என்றோம். "எங்க தண்ணில முங்குவீங்க, எங்க காபி மட்டும் ஆவாதா?" என்று மச்சான் முறைத்தார். மோர் வந்தது. ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் பஸ்ஸில் கிளம்பினேன். எட்டரைக்குக் கிளாம்பாக்கம், பத்து மணிக்கு விமான நிலையம், ஒன்றே முக்காலுக்கு விமானம். மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், கைநாட்டுக்காரர்களைச் சில சமயம் தனியாக நிறுத்திக் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என்னை ஓர் அதிகாரி, "எதுக்கு வந்தீங்க?" என்றார். "பெண்டாட்டியைத் தண்ணீரில் முக்க" என்று வாய்வரைக்கும் வந்தது. லீவு என்றேன்.

முதல்முறை மஸ்கட் போனபோது விமானத்தில் கண்ணை மூடவே இல்லை. சபையை சாலமன் தலையில் கட்டிவிட்டு ஓடுகிறோமே என்று இருந்தது. வீட்டிலும் ஒருத்தியை அந்தரத்தில் விட்டுவிட்டோம் என்று இருந்தது. தூரத்திலிருந்து சபையைத் தாங்குவது என்றால் பணம் அனுப்புவது, போன் பண்ணுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் லீவு கிடைக்கும்போது அங்கே இருக்கிற ஒருத்தரை உங்கள் இடத்தில் நிற்க வைத்துவிட்டு வாருங்கள். அது போதும். அதற்கு எட்டு நாள் போதாது, பத்து நாள் கேளுங்கள். சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே போய்க் கேட்டுவிடுங்கள். நான் நாலு நாள் வீணடித்தேன். இந்தத்தரம் விமானத்தில் பெல்ட் மாட்டியதுதான் தெரியும், மஸ்கட்டில் இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் தட்டி எழுப்பினார்.

அறைக்கு வந்ததும் அஞ்சலைக்கு போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மூன்றுதரம் பண்ணினேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"எங்க போயிட்ட?"

"லூர்து அக்காவுக்கு மூட்டுவலி. தைலம் போட்டுட்டு, அங்கேர்ந்து மாடிக்கு வந்தேன். சாவி இப்ப என்கிட்டதான். ஞாயித்துக்கெழமைக்குப் பெருக்கிக்கினு இருக்கறேன். வந்து சேந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"சரி, வையி. எனக்கு வேலை கெடக்குது" என்று வைத்துவிட்டாள்.